டைனமோ வெளிச்சத்தில் ஜேர்மனி வரை

நாங்கள் குடும்பமாகச் சைக்கிளில் வெளிநாடு போயிருக்கிறோம். சைக்கிள் ஒன்றுதான்; ஆட்கள் அப்பா, அம்மா, அக்கா, நான் என்று நான்கு பேர். இந்தியாவில் தொடங்கி, பாகிஸ்தான், ஈரான் என்று மிதித்து, கடைசியில் ஐரோப்பாவுக்கே போய்ச் சேர்ந்தோம். கொழும்பில், வெள்ளவத்தையிலிருந்து பக்கத்துப் பம்பலப்பிட்டிக்குப் போவதற்கே தமிழர் அடையாள அட்டையைச் சட்டைப் பையில் தொட்டுத் தொட்டுப் பார்த்த யுத்த காலம் அது. ஆகவே இந்தக் கதையைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. நம்பாதவர்களிடம் ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்வேன். அவ்வளவு நாட்டுக்கும் போனபோதும் சைக்கிள் ஸ்டாண்டை விட்டு இறங்கவில்லை.

கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில் எங்கள் வீடு. சைக்கிளும் எங்களோடு மூன்றாம் மாடியில்தான் இருந்தது. ஒழுங்கையில் யாருடைய மதிலிலாவது ஒரு சைக்கிளைச் சாத்திவிட்டுப் போனால், ஆளில்லாத சைக்கிளைக் கண்ட சனம் குண்டாக்கும் என்று பயந்து எதிர்ப்பக்கத்தால் நடக்கத் தொடங்கிவிடும். கொஞ்ச நேரத்தில் பொலிஸும் வந்துவிடும். அந்த வம்பு வேண்டாமென்று அதைப் படியால் தூக்கி வந்து முன்னறையில் நிறுத்தி வைத்திருந்தோம். வீட்டுக்கு வருகிறவர்கள் அதைச் சுற்றிக்கொண்டுதான் கதிரைக்குப் போக வேண்டும்.

சைக்கிள் அண்ணாவுடையது. அதில்தான் அவர் டியூஷனுக்குப் போய் வந்தார். சுற்றிவளைப்பு நடக்கும் நாள்களில் பொலிஸார் அவரைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அப்பா பொலிஸ் நிலைய வாசலில் நின்று மீட்டுக்கொண்டு வருவார். இது திரும்பத் திரும்ப நடந்தபோது அம்மா தன் தாலிக்கொடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, பெடியனை எங்கேயாவது அனுப்பிவிடுங்கோ என்று சொன்னாளாம். ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரன் ஒருவன் வந்து போனான். பிறகு அண்ணா இல்லை. எனக்கு அப்போது எட்டு வயது. அண்ணா ஜேர்மனிக்குப் போகிறார், போய்ச் சேர்ந்ததும் தொலைபேசியில் கோல் எடுப்பார் என்று மட்டும் சொன்னார்கள். அவர் போய்ச் சேர வேண்டும் என்பதைத் தவிர அந்த வீட்டில் வேறு வேண்டுதல் இருக்கவில்லை.

எனக்கு மட்டும் இன்னொரு வேண்டுதல் இருந்தது. சைக்கிள் சீட்டைத் தாழ்த்த வேண்டும்.

அண்ணா நெடுவல். எங்கள் பரம்பரையிலேயே அப்படி ஒரு உயரம் இல்லை என்று அம்மா கண்ணூறு படாமல் இருக்கத் துப்பிவிட்டுச் சொல்வாள். சீட்டை அவர் தன் காலுக்கு ஏற்றபடி உயர்த்தி வைத்திருந்தார். ஏறி உட்கார்ந்தால் என் கால் அந்தரத்தில் தொங்கும். பெடல் எங்கேயோ கீழே கிடக்கும்.

"அப்பா, சீட்டைப் பதிச்சு விடுங்கோவன்" என்று கேட்டால், "அது அண்ணாவின்ர அளவு. கிடக்கட்டும்" என்பார். அப்பாவுக்கே அந்தச் சீட் உயரம். மிதிக்கும்போது அவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சரிந்து சரிந்துதான் பெடலை எட்டுவார். ஆனாலும் அந்தச் சீட்டில் கை வைக்க அவர் விடவில்லை.

பயணம் தொடங்கியது கரண்ட் கட்டால்தான். அந்த வருடம் மின்சாரம் வருவதும் போவதும் தன் இஷ்டம். ஒருநாள் பின்னேரம் கரண்ட் போய், மெழுகுதிரியும் முடிந்து, நான் இருட்டுக்குப் பயந்து சிணுங்கியபோது, அப்பா சைக்கிளில் ஏறி டைனமோவைச் சில்லில் அழுத்திவிட்டு மிதிக்கத் தொடங்கினார். பின்சில்லு அந்தரத்தில் சுற்ற, முன்லைட் பளிச்சென்று பற்றி எதிர்ச்சுவரில் வட்டமாக விழுந்தது.

"எங்கயப்பா போறம்?" என்று கேட்டேன்.

"அண்ணாட்ட" என்றார் அப்பா.

அன்றிலிருந்து கரண்ட் போகும் மாலைகளிலெல்லாம் பயணம்தான். நான் முன்னால் பாரில் உட்காருவேன். அக்கா தன் பள்ளிக்கூட அட்லஸைச் சுவரில் விழும் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நின்று பாதை சொல்வாள். அம்மாவுக்குக் கரியரில் இடம். ஆனால் அவள் ஒருநாளும் ஏறியதில்லை. நிலத்தில் இருந்து மரவள்ளிக்கிழங்கைச் சீவிக்கொண்டே, "நான் ஏறீட்டன், நீங்கள் விடுங்கோ" என்பாள்.

சிக்கனப் பயணம் என்று அப்பா முதலே அறிவித்துவிட்டார். ஹொட்டலில் தங்குவதில்லை, கோயில் மடம், பள்ளிவாசல், ரெயில் ஸ்டேஷன் எது முதலில் வருகிறதோ அங்கே படுக்கை. சாப்பாட்டுக் கடைப் பக்கம் திரும்பியும் பார்ப்பதில்லை. அம்மா இதை எதிர்பார்த்தவள் மாதிரி, தாச்சிச் சட்டி ஒன்றையும், வறுத்த மாவையும், ஒரு டின் மிளகாய்த்தூளையும் பையில் போட்டுக் கரியரில் கட்டிவிட்டாள். விளையாட்டுக்குத்தானே, வெறும் பையைக் கட்டினால் போதாதா என்று அக்கா கேட்டாள். "பிறகு அந்தர அவசரத்துக்கு என்ன செய்யிறது?" என்றாள் அம்மா. தேங்காய் இல்லாத நாடுகளை நினைத்து அவள் உண்மையாகவே கவலைப்பட்டாள்.

இந்தியாவில் வெயில் என்று அப்பா மெதுவாக மிதித்தார். பாகிஸ்தானில் அக்கா பாதையைத் தவறவிட்டாள். ஈரானில் நான் பாரிலேயே நித்திரையாகிவிட்டதால் அந்த நாட்டைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அந்த வாரம்தான் கீழ்வீட்டு மாமி படியில் நின்று அப்பாவைக் கூப்பிட்டார். அவர்கள் முஸ்லிம் ஆட்கள். எங்கள் மாடிக் கட்டடத்தில் தொலைபேசி இருந்தது அவர்கள் வீட்டில் மட்டும். அப்பா போய்ப் பேசிவிட்டு வந்து அன்று மாலை, "நாங்கள் இப்ப மொஸ்கோவில" என்று சொன்னார். நேற்று ஈரான், இன்று மொஸ்கோ. ஒரே இரவில் எப்படி என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அப்பா கொஞ்சம் வேகமாக மிதித்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

கீழ்வீட்டுத் தொலைபேசி அடித்தால் நாங்கள் எல்லை கடப்போம். இந்தச் சின்ன விஷயம் எனக்குப் பிடிபடவில்லை, அக்காவுக்குப் பிடிபட்டிருந்தது. அடுத்த முறை அடித்தபோது உக்ரேனுக்குள் போனோம். அக்கா அட்லஸில் பென்சிலால் கோட்டை இழுத்தாள். அந்தக் கோடு போலந்து எல்லைக்கு ஒரு விரல் தூரத்தில் நின்றது. அதற்குப் பிறகு தொலைபேசி அடிக்கவில்லை.

பயணமும் நின்றுவிட்டது. கரண்ட் போனால் அப்பா மெழுகுதிரியைத்தான் கொளுத்தினார். எப்போது வெளிக்கிடுவது என்று நான் நச்சரித்தால், "பனி, மோனை. பனியில சைக்கிள் உருளாது" என்பார். கந்தோர் வேலையால் வந்ததும் வராததுமாகக் கீழ்வீட்டுக்குப் போய்விடுவார். அந்த வீட்டு மாமாவோடு பேசுவதற்கு அவரிடம் புதிதாக ஒன்றும் இருந்திருக்காது. இருவரும் தொலைபேசிக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருப்பார்கள். அம்மா சமைப்பாள், பரிமாறுவாள், தன் சாப்பாட்டுக் கோப்பையை மட்டும் மூடி வைத்துவிடுவாள். எல்லாம் இந்தப் பனியால் வந்த வினை என்று நம்பினேன். யாராவது மிதித்தால் பனி விலகிவிடும், அண்ணாவிடம் போய்ச் சேர்ந்துவிடலாம், அம்மா சாப்பிடுவாள். அப்பாவுக்குக் களைப்பு. ஆகவே நான்தான் மிதிக்க வேண்டும்.

ஒருநாள் கரண்ட் போனது. அப்பா கீழே. அம்மா குசினியில் விறகடுப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அக்கா குளிக்கப் போயிருந்தாள். நான் சைக்கிளைப் பிடித்து இழுத்து, ஸ்டாண்டோடு அரைவட்டம் திருப்பினேன். அப்பா எப்போதும் அதை உட்சுவரைப் பார்க்கத்தான் நிறுத்துவார். ஆனால் ஜேர்மனி கடலுக்கு அப்பால் இருப்பதென்று எனக்குத் தெரியும். அதனால் கடல் பக்க ஜன்னலைத் திறந்து, லைட்டை அதற்கு நேராக வைத்தேன். சீட்டில் ஏறினால் கால் எட்டாது. பாருக்குக் கீழே ஒரு காலை நுழைத்து, ஒற்றைப் பெடலை அமத்தி அமத்தி விட்டேன். அரைச் சுற்றுக்கு லைட் பற்றும், பிறகு அணையும். திரும்பப் பற்றும், திரும்ப அணையும். வெள்ளவத்தை முழுக்க இருட்டு, கடலும் இருட்டு. மூன்றாம் மாடியிலிருந்து என் வெளிச்சம் மட்டும் கடலைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டிருந்தது.

போலந்தைத் தாண்டியிருப்பேன். படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது.

கதவைத் திறந்த அம்மாவைத் தள்ளிக்கொண்டு துவக்குகளோடு நான்கைந்து பேர் உள்ளே வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் அப்பா மூச்சு வாங்க ஓடி வந்தார். கடலில் வரும் இயக்கப் போராளிகளுக்கு யாரோ சமிக்ஞை காட்டுகிறார்கள் என்று ஆமிக்குத் தகவல் போயிருக்கிறது. டோர்ச் வெளிச்சத்தில் அவர்கள் கண்டது, ஜன்னலைப் பார்த்து நிற்கும் ஒரு சைக்கிளையும், அதன் கரியரில் கட்டியிருந்த பாரமான பையையும். எல்லோரும் இரண்டடி பின்வாங்கினார்கள். அப்பாவையே அதை அவிழ்க்கச் சொன்னார்கள். அம்மா இறுக்கிக் கட்டியிருந்ததால் முடிச்சு அவிழ வெகுநேரம் எடுத்தது. முதலில் தாச்சி வந்தது. பிறகு மா. டின்னை ஒரு ஆமிக்காரன் பறித்து, திறந்து, மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்தான்.

"ஐயோ, அது யாழ்ப்பாணத்துத் தூள்!" என்று அம்மா கத்தியது அவனுக்கு விளங்கவில்லை. அவன் தும்மிய தும்மலில் டின் கையிலிருந்து தவறி அறை முழுக்கப் பறந்தது. துவக்கும் கையுமாக எல்லோரும் தும்மத் தொடங்கிவிட்டார்கள். நாங்களும் தும்மினோம். சிரிப்பு வருகிறதென்று நான் வாயைப் பொத்திக்கொண்டேன். குளியலறையால் ஓடி வந்திருந்த அக்கா என் கையை நுள்ளியதில் சிரிப்பு நின்றுவிட்டது.

அவர்களோடு வந்த பொலிஸ் சார்ஜன் நரைத்த மீசைக்காரர். கண்ணைத் துடைத்துக்கொண்டு, யார் வெளிச்சம் காட்டியது என்று சிங்களத்தில் கேட்டார். நான் முன்னே வந்தேன். செய்து காட்டச் சொன்னார். பாருக்குக் கீழே காலை விட்டு ஒருதரம் மிதித்துக் காட்டினேன். லைட் பற்றி அணைந்தது. அவர் சீட்டைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார், பிறகு அப்பாவைப் பார்த்து, பிள்ளைக்கு இதைத் தாழ்த்திக் கொடுத்தால் என்ன என்று கேட்டார்.

இது மூத்த மகனுடையது என்றார் அப்பா.

"கோ லொக்கு புத்தா?" என்றார் சார்ஜன். மூத்த மகன் எங்கே?

இந்தக் கேள்விக்கு எங்கள் வீட்டில் பதில் தயாராக இருந்தது. வெளிநாட்டில் படிக்கிறார் என்று சொல்ல வேண்டும், எனக்கே பாடம். அப்பாவோ, "தன்னே நே, மாத்தயா" என்றார். தெரியாது ஐயா.

அக்கா மூச்சை உள்ளே இழுத்தது எனக்குக் கேட்டது. அந்த வயதில் ஒரு தமிழ்ப் பெடியன் எங்கே என்று பொலிஸ் கேட்கும்போது, தகப்பன் சொல்லக்கூடாத ஒரே பதில் அதுதான். பெடியன் இயக்கத்தில் சேர்ந்துவிட்டான் என்று எடுத்து, அதைச் சொன்ன பெற்றோரைக் கையோடு கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஆனால் அப்பா அன்று பொய் சொல்லவும் இல்லை, தெரிந்து உண்மை சொல்லவும் இல்லை. வாரக்கணக்காக நெஞ்சுக்குள் கிடந்தது, கேட்டவுடன் வெளியே வந்துவிட்டது.

அப்பாவுக்கு இவ்வளவு சின்ன விஷயம் தெரியாதா என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பேக்கரிக்காரரிடம் பழகிய சிங்களத்தில், "அப்பி பைசிக்கலென் அய்யா லங்கட்ட யனவா" என்றேன். நாங்கள் சைக்கிளில் அண்ணாவிடம் போகிறோம். அட்லஸை எடுத்து விரித்து, பென்சில் கோடு நின்ற இடத்தில் விரலை வைத்து, இங்கே பனி, அதனால்தான் நிற்கிறோம் என்றும் விளக்கினேன்.

சார்ஜன் டோர்ச்சை அட்லஸுக்கு அடித்தார். எங்கள் ஒழுங்கையில் தொடங்கிய கோட்டை மெல்லப் பார்த்துக்கொண்டு போய், அது நின்ற இடத்தில் வெளிச்சத்தை நிறுத்தினார். பிறகு நிமிர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு நின்றாள். கண்ணீருக்குக் காரணம் மிளகாய்த்தூள் என்று சொல்லிவிடலாம், ஆனால் அது அடங்கி வெகுநேரமாகியிருந்தது.

"பய வென்ன எப்பா" என்றார் அவர் அம்மாவிடம். "எயா யய்."

பயப்படாதேங்கோ, அவர் போய்ச் சேருவார். அவ்வளவுதான். தானே போய் ஜன்னலைச் சாத்தினார். இனி இதைத் திறந்து வைத்துக்கொண்டு சைக்கிள் ஓடக்கூடாது என்று எனக்கு விரலை ஆட்டிவிட்டு, தும்மிக்கொண்டிருந்தவர்களைக் கூட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

அப்பா கதிரையில் தொப்பென்று உட்கார்ந்தார். எனக்கு அடி விழப்போகிறது என்று மூலைக்குள் ஒதுங்கினேன். அம்மாவோ நேரே சாமிப் படத்தடிக்குப் போனாள். மஞ்சள் துணியில் ஒரு நாணயத்தை முடிந்து பிள்ளையாரின் காலடியில் வைத்தாள்.

"கேட்டனீங்களே, போய்ச் சேருவார் எண்டு சொன்னதை?" என்றாள்.

"அவன் ஏதோ சொல்லீட்டுப் போறான், நீர் விடும்" என்றார் அப்பா.

"பொலிஸ்காரன்ர வாயால வந்தாலும் நல்ல சொல் நல்ல சொல்தான். நான் கேட்கேல்லை, தானா வந்தது."

எங்கள் பையைக் கிண்டிக் கிளறிவிட்டுப் போனவனின் வாயிலிருந்து நற்சகுனம் பொறுக்கிய தாயை நான் வேறெங்கும் கண்டதில்லை. அன்று அம்மா சாப்பிட்டாள். அறையெல்லாம் தூளின் காரம் நிற்க, நாங்கள் நால்வரும் மூக்கைச் சிந்திச் சிந்திச் சாப்பிட்டோம்.

பிறகும் நாள்கள் போயின. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கீழ்வீட்டு மாமியின் குரல் படி முழுக்கக் கேட்டது.

"ஒங்கட மகன் லைன்ல ஈக்கிறாரு, சுருக்கா வாங்க!"

அப்பா ஷேவ் எடுத்த பாதி முகத்தோடு ஓடினார். அம்மா படியில் இறங்கியதா விழுந்ததா என்று தெரியவில்லை. அண்ணா ஜேர்மனியில் இருந்தார். காட்டுக்குள் நடந்ததும், ஒரு களஞ்சியத்தில் நாள்கணக்காகப் பூட்டிக் கிடந்ததும் பிறகு தெரிய வந்தவை. அன்று அம்மா கேட்டதெல்லாம் ஒரே கேள்விதான். "சாப்பிட்டியோ? சாப்பிட்டியோ அப்பன்?" ரிசீவர் கைமாறி என்னிடம் வந்தது. அண்ணாவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து கேட்டது போல இருந்தது. இவ்வளவு காலமும் காத்திருந்த நான், நேரத்தை வீணாக்காமல் விஷயத்துக்கு வந்தேன்.

"அண்ணா, சைக்கிள் சீட்டைப் பதிக்கட்டோ?"

"பதியடா. இனி அது உன்ர சைக்கிள்" என்றார். மூக்கை உறிஞ்சும் சத்தமும் கேட்டது. அங்கே பனி, தடிமன் பிடித்திருக்கும்.

அன்று எங்கள் வீட்டில் பாயசம். கீழ்வீட்டுக்கும் ஒரு பாத்திரம் போனது. அகதி என்று பதிந்தவர் ஊருக்குத் திரும்பி வர ஏலாது என்பது அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியாது. "போய்ச் சேர்ந்திட்டம். திரும்பி வாறதுக்கு எப்ப வெளிக்கிடுறது?" என்று கேட்டேன். அக்கா அட்லஸை மூடி வைத்தாள்.

"முதல்ல சீட்டைப் பதிப்பம், வா" என்றார் அப்பா.

ஸ்பனரைப் போட்டு நட்டைத் தளர்த்தினார். அது இறுகிப்போயிருந்ததால் எண்ணெய் விட வேண்டியிருந்தது. தளர்ந்த பிறகும் சீட்டை உடனே தாழ்த்தவில்லை. ஒரு ஆணியைத் தேடி எடுத்து, சீட்டின் தண்டு சட்டத்துக்குள் இறங்கும் இடத்தில் ஒரு கோடு கீறினார். ஒருதரம் கீறியது போதாதென்று அதே இடத்தில் திரும்பத் திரும்பக் கீறினார். காலையிலிருந்து சிரித்த முகமாக நின்ற அம்மா, "அழியாத மாதிரி, வடிவா ஆழமாக் கீறுங்கோ" என்றாள். பிறகு பாயசச் சட்டி பற்றுகிறதென்று சொல்லி உள்ளே போய்விட்டாள். சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வெகுநேரமாகியிருந்தது.

அப்பா சீட்டை அழுத்தினார். அது மெல்ல இறங்கியது. கோடும் அதோடு உள்ளே போய் மறைந்துவிட்டது. ஏறி உட்கார்ந்தேன். இரண்டு காலும் பெடலில் முழுதாகப் படிந்தன.

"எதுக்கப்பா அந்தக் கோடு?"

"பிறகு திரும்ப உயர்த்தேக்க அளவு தெரிய வேணுமே" என்றார் அப்பா, என்னைப் பாராமல்.

அவ்வளவு உயரத்துக்கு நான் வளர வேண்டும் என்று அப்பா ஆசைப்படுகிறார் என விளங்கிக்கொண்டேன். அவரை ஏமாற்றக்கூடாதென்று, அன்று இரவு யாரும் சொல்லாமலே இன்னொரு கோப்பை பால் கேட்டு வாங்கிக் குடித்தேன்.